கதை சொல்பவன் எங்கே நிற்கிறான்?

1982-ஆம் வருஷம் ஜனவரி மாதம் 11-ஆம் தேதி, வடாலாவில் அம்பேத்கர் கல்லூரிக்கு அருகே, மான்யா சுர்வே என்று பம்பாய் நகரமெங்கும் அறியப்பட்டிருந்த மனோகர் அர்ஜுன் சுர்வே போலீசாரால் சூழப்பட்டு, ராஜா தாம்பட், இசாக் பாக்வான் என்ற இரண்டு அதிகாரிகள் சுட்டதில் வீழ்ந்தான். சயான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் அவன் உயிர் பிரிந்தது. தாதரிலுள்ள கீர்த்தி கல்லூரியில் படித்த ஒருவன், கொலை வழக்கில் தண்டனை பெற்று, காவலிலிருந்து தப்பி, கொள்ளைக் கூட்டமொன்றுக்குத் தலைவனாகி, கடைசியில் இன்னொரு கல்லூரியின் அருகிலேயே மாண்டான் என்ற இந்தச் சரித்திரம் சினிமாவுக்கென்றே நடந்தது போலிருக்கிறது. எஸ். ஹுசேன் ஜைதியின் ‘டோங்ரி டு துபாய்’ என்னும் நூலை ஆதாரமாகக் கொண்டு சஞ்சய் குப்தா இதை ஹிந்தியில் ‘ஷூட்அவுட் அட் வடாலா’ என்ற பெயரில் எடுத்து 2013-இல் வெளியிட்டார். எங்கள் பேட்டையின் பெயரைத் தலைப்பிலேயே தாங்கிய படம் என்பதால் வடாலாவாசிகள் அதைக் கொஞ்சம் உரிமையோடு பார்த்தோம். எனக்கோ அந்தப் படம், திரைக்கதையில் வாய்ஸ் ஓவர் என்று சொல்லப்படுகிற பின்னணிக் குரலைப் பற்றிப் பல நாள் சிந்திக்கும்படியான ஒரு விசித்திரமான உதாரணமாக அமைந்துவிட்டது.

குண்டடிபட்டுக் கிடக்கும் மான்யா, தன்னைச் சுட்ட அதிகாரியிடமே, போலீஸ் வண்டிக்குள் தன் வாழ்க்கைக் கதையைச் சொல்லுகிறான் என்பது அந்தப் படத்தின் ஏற்பாடு. ஜான் ஆபிரகாம் மான்யாவாகவும், அனில் கபூர் அதிகாரியாகவும் நடித்தார்கள். ஏற்பாடு என்ற அளவில் இதைவிடச் சிறந்ததை ஒரு திரைக்கதாசிரியர் வேண்டித் தவம் கிடந்தாலும் பெறமாட்டார்! ஏனெனில், சொல்லுகிறவனுக்கு நேரம் குறைவு. வடாலாவுக்கும் சயானுக்கும் இடையேயுள்ள தூரந்தான் அவனுடைய மிச்ச ஆயுள். கேட்கிறவனோ சிநேகிதன் அல்ல, அவனைக் கொன்றுகொண்டிருப்பவன். அப்படிப்பட்ட ஒருவனிடம் மனிதன் எதைச் சொல்லுவான், எதை மறைப்பான், எந்த இடத்தில் பெருமையடித்துக்கொள்ளுவான், எந்த இடத்தில் குரல் தடுமாறுவான் என்பதெல்லாம் ஒரு மேதையின் கையில் எவ்வளவு நுட்பமான நாடகமாக விரிந்திருக்கும்! ஆனால் படம் தொடங்கிச் சிறிது நேரத்துக்குள்ளேயே, அந்த வண்டியும், ஓடிக்கொண்டிருக்கும் ரத்தமும், கேட்டுக்கொண்டிருக்கும் அதிகாரியின் மனமும் வெறும் சௌகரியங்களாகச் சுருங்கிவிடுகின்றன. மான்யா கால் வைக்காத இடங்களில் நடந்த சம்பாஷணைகளும், அவன் அறிந்திருக்க முடியாத ஆலோசனைகளும் அவன் கதைக்குள் தாராளமாக வந்து புகுகின்றன. இடையிடையே ஒலிக்கும் குரல் சொல்லுவதெல்லாம் கைதட்டலை எதிர்பார்த்து எழுதிய வசனங்களே. இறந்துகொண்டிருக்கிறவன் ஒருவனின் வாக்குமூலத்தைக் கேட்கிறோம் என்ற உணர்ச்சி நமக்கு உண்டாகவில்லை.

இதற்கு நேர்மாறான ஓர் உதாரணத்தைச் சொல்ல வேண்டுமானால், பில்லி வைல்டர் 1944-இல் எடுத்த ‘டபிள் இண்டெம்னிட்டி’ என்னும் அமெரிக்கப் படத்தைச் சொல்லலாம். அதிலும் குண்டடிபட்ட ஒருவன்தான் கதை சொல்லுகிறான். இன்ஷூரன்ஸ் கம்பெனி ஏஜெண்டான அவன், நள்ளிரவில் தன் ஆபீஸுக்கு வந்து, குரலைப் பதிவு செய்யும் டிக்டபோன் இயந்திரத்தின் முன் உட்கார்ந்து, தன்னோடு வேலை பார்க்கும் சிநேகிதருக்காகத் தன் குற்றத்தை ஒப்புக்கொண்டு பேசுகிறான். மோசடிகளை மோப்பம் பிடிப்பதில் அதிசமர்த்தரான அந்தச் சிநேகிதர் இந்த மோசடியை உணர்ந்தும் குற்றவாளி யார் என்பதை மாத்திரம் கண்டுபிடிக்கவில்லை என்பதே அந்தப் பேச்சுக்கு முகாந்திரம். கதையில் அவன் பார்க்காததை நாமும் பெரும்பாலும் பார்ப்பதில்லை. முடிவில் அந்தச் சிநேகிதர் வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று தெரியும்போது, அதுவரை ஒலித்த குரல் முழுவதும் ஓர் ஆசாமியை நோக்கிச் சென்றுகொண்டிருந்தது என்பது பிரத்தியட்சமாகிறது. தமிழில் செல்வராகவனின் ‘புதுப்பேட்டை’ 2006-இல் இதையே வேறு விதமாகச் செய்தது. சிறையின் தனி அறையில் அடைபட்ட கொக்கி குமார் தனக்குத்தானே பேசத் தொடங்குகிறான்; கேட்பாரில்லாத அந்தப் பேச்சில் ஒரு பைத்தியக்காரத்தனமும் ஒரு பரிதாபமும் கலந்திருப்பதால், பின்னால் அவன் செய்யும் கொடூரங்களை நாம் பார்க்கும்போதெல்லாம் அந்த அறை நம் நினைவை விட்டு அகலுவதில்லை.

ஆகவே என் அபிப்பிராயம் இதுதான்: பின்னணிக் குரல் நல்லதா, கெட்டதா என்று விவாதிப்பதில் பயனில்லை, அந்தக் குரலுக்குரியவன் எந்தக் காலத்தில் நின்றுகொண்டு, எந்த அவசியத்தால், யாரை முன்னிட்டுப் பேசுகிறான் என்பதையும், அவனுக்குத் தெரியாதது என்ன என்பதையும் எழுதுகிறவர் அறிந்திருக்கிறாரா என்பதே பார்க்கத் தக்கது.

சினிமாக் கலையைப் போதிக்கும் வகுப்புகளில் முதல் நாளே உபதேசிக்கப்படும் மந்திரம் ஒன்று உண்டு. காட்ட வேண்டியதைச் சொல்லாதே என்பது அது. எழுதத் தெரியாதவன் ஊன்றி நடக்கும் கோல்தான் பின்னணிக் குரல் என்றும் அங்கே இகழ்ந்து பேசுவார்கள். இந்த மந்திரத்தில் உண்மை இல்லை என்று நான் சொல்லவில்லை. ‘முள்ளும் மலரும்’, ‘உதிரிப்பூக்கள்’ ஆகிய படங்களில் பேச்சை வெட்டிச் சுருக்கி மௌனத்துக்கு இடம் கொடுத்த மகேந்திரன் தமிழ்ப் படத்துக்குச் செய்த உபகாரம் சாமானியமானதன்று. ஆனால், சொல்லுவதையே கலையாக வளர்த்த ஒரு ஜனசமூகத்தின் பிள்ளைகள் நாம் என்பதையும் மறந்துவிடலாகாது. தெருக்கூத்தில் கட்டியங்காரன் இல்லாமல் ராஜா சபைக்கு வருவதில்லை. வில்லுப்பாட்டில் சொல்லுகிறவரே முதல் கதாபாத்திரம். மாட்டுங்காவில் ஸ்ரீராம நவமிப் பந்தல்களில் ஹரிகதையும் உபந்நியாசமும் கேட்டு வளர்ந்த தமிழர்களுக்கு, ஒருவர் நின்றுகொண்டு கதை சொல்ல, அதே கதை மனக்கண்ணில் ஓடுவது விசேஷமான அநுபவமே அல்ல, அன்றாட அநுபவம். பாரதிராஜா தம் படங்களின் தொடக்கத்தில் தமிழ் மக்களை விளித்துத் தம் குரலிலேயே பேசியபோது, தியேட்டரில் யாரும் இது யாருடைய குரல், எங்கிருந்து வருகிறது என்று திகைக்கவில்லை. நமக்குத் தெரிந்த சடங்கு என்று அதை ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் கட்டியங்காரன் நம் கண்முன்னால் நிற்கிறவன் என்பதையும் கவனிக்க வேண்டும். ராஜாவை அவன் கேலி செய்கிறான், ராஜாவிடம் அடியும் படுகிறான், சபையோரிடம் திரும்பி வம்பளக்கிறான். அவனுக்கு ஓர் உடம்பும் ஓர் அந்தஸ்தும் இருக்கின்றன. சினிமாவின் அசரீரிக்கு அந்த உடம்பு இல்லாதபடியால், எழுத்தின் பலத்தாலேயே அதை உண்டாக்கியாக வேண்டியிருக்கிறது.

உடம்பும் அந்தஸ்தும் இல்லாத குரல் எப்படியிருக்கும் என்பதற்குப் பம்பாயே ஒரு பெரிய சாட்சி. 1948-இல் மத்திய சர்க்கார் இந்த நகரத்தில் ஏற்படுத்திய பிலிம்ஸ் டிவிஷன், அணைகளையும் தொழிற்சாலைகளையும் ஐந்தாண்டுத் திட்டங்களையும் பற்றிய துண்டுப் படங்களைத் தயாரித்து, தமிழ் உட்படப் பல பாஷைகளில் வர்ணனை சேர்த்து, தேசத்தின் மூலை முடுக்கிலுள்ள தியேட்டர்களுக்கெல்லாம் அனுப்பியது. பிரதான படத்துக்கு முன்னால் அதைக் காட்டியே ஆக வேண்டும் என்பது அன்றைய சட்டம். திரையில் அணை தெரியும்போது, இது அணை என்று குரல் சொல்லும். நாற்று நடும் பெண்கள் தெரியும்போது, பெண்கள் நாற்று நடுகிறார்கள் என்று குரல் சொல்லும். அவர்கள் முகத்தில் களைப்பே தென்பட்டாலும், மகிழ்ச்சியோடு நடுகிறார்கள் என்று குரல் சேர்த்துச் சொல்லும். யாருடைய குரல் அது? சர்க்காரின் குரல். எந்தக் காலத்தில் நின்று பேசிற்று? என்றென்றும் சுபிட்சம் வந்துகொண்டேயிருக்கிற ஒரு காலத்தில் நின்று. இந்த வர்ணனை முடிந்த பிறகு உள்ளே போகலாம் என்று வெளியே வேர்க்கடலை கொறித்துக்கொண்டு நின்றவர்கள் அக்காலத்தில் அநேகர். பின்னணிக் குரல் என்றாலே நம் ஜனங்களில் பலருக்கு இன்றைக்கும் ஓர் அலுப்பு உண்டாவதற்கு அந்தத் துண்டுப் படங்களும் ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன்.

ஆச்சரியம் என்னவென்றால், அந்தக் குரலுக்கு எதிரான கலகமும் அதே ஸ்தாபனத்துக்குள்ளேயே எழுந்தது. சுதந்திரத்தின் இருபதாவது ஆண்டான 1967-இல், எஸ். சுக்தேவ் தேசம் முழுவதையும் சுற்றி எடுத்த ‘இந்தியா 67’ என்னும் படத்தில் ஒரு வார்த்தை வர்ணனைகூட இல்லை. சத்தங்களும் சங்கீதமும் மாத்திரமே உண்டு. பணக்காரனையும் பிச்சைக்காரனையும் அடுத்தடுத்து வைத்துவிட்டு அவர் பேசாமல் இருந்துவிட்டார். அதே வருஷத்தில் எஸ்.என்.எஸ். சாஸ்திரி ‘ஐ ஆம் 20’ என்ற படத்தில், சுதந்திரம் பிறந்த வருஷத்திலேயே பிறந்த இளைஞர்களைக் கண்டுபிடித்து, சர்க்காரின் குரலை அகற்றிவிட்டு, அவர்கள் குரலையே படத்தின் மீது ஓடவிட்டார். ஒருவர் தேசத்தை மெச்சுகிறார், ஒருவர் அலுத்துக்கொள்கிறார், ஒருவருக்கு எதிலும் சிரத்தை இல்லை. வர்ணனையின் அதிகாரம் அங்கே தானாகவே சிதறிப் போயிற்று. மௌனத்தைக் கையாண்டவர் ஒருவர், பல குரல்களைக் கையாண்டவர் ஒருவர். இருவரும் குரல் என்பது எவ்வளவு பலமுள்ள வஸ்து என்பதை நன்றாக அறிந்திருந்தவர்கள்.

கதைப் படங்களிலும் இதை அறிந்தவர்கள் உண்டு. 1969-இல் வந்த மிருணாள் சென்னின் ‘புவன் ஷோம்’ படத்தில் கதை சொல்லும் குரல், அப்போது யாரும் அறியாதிருந்த அமிதாப் பச்சனுடையது. கண்டிப்பே உருவான ஒரு ரயில்வே அதிகாரியை அந்தக் குரல் அறிமுகம் செய்யும் தோரணையில், மரியாதை மேலே மிதக்க, பரிகாசம் அடியிலே ஓடுகிறது. குரலுக்கும் படத்துக்கும் இடையே இப்படி ஒரு விரலளவு இடைவெளி இருக்கும்போதுதான், அந்த இடைவெளிக்குள் பார்க்கிறவனின் புத்தி புகுந்து வேலை செய்ய முடிகிறது. மணிரத்னத்தின் ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ படத்தில் சிறுமி அமுதா தன் குடும்பத்தைத் தன் வாயால் அறிமுகம் செய்கிறாள். அவளுடைய குரலில் துடுக்கும் சந்தோஷமும் ததும்புகின்றன. ஆனால் அதற்கு முன்பே, மாங்குளத்தில் ஒரு பெண் மணம் புரிந்து, பிறகு நிறை கர்ப்பிணியாகக் கடலைக் கடந்து ராமேசுவரம் வந்ததை நாம் பார்த்துவிட்டோம். சொல்லுகிறவளுக்குத் தெரியாத ஒன்று கேட்கிறவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. தன் பெற்றோர் என்று அவள் பெருமையோடு காட்டும் இருவரைப் பார்த்து நமக்கு நெஞ்சு கனக்கிறது, அவளோ சிரித்துக்கொண்டிருக்கிறாள். எல்லாம் அறிந்த ஒரு பெரியவரின் குரலில் இதே அறிமுகம் நடந்திருந்தால் வெறும் தகவலாகப் போயிருக்கும்.

எழுதப் பழகுகிறவர்களுக்காக நான் ஒரு சிறு காட்சியைக் கற்பனை செய்து பார்ப்பதுண்டு. வடாலா பஸ் டெப்போவில் அதிகாலையில் ஒரு பெண் நிற்கிறாள், பஸ் வருகிறது, அவள் ஏறவில்லை, பஸ் போய்விடுகிறது. “அன்றைக்கு நான் பஸ்ஸில் ஏறவில்லை” என்று அவள் குரல் ஒலித்தால், அது பிலிம்ஸ் டிவிஷனின் அணையேதான். “அன்றைக்கு நான் மிகவும் வருத்தமாக இருந்தேன்” என்றால், நடிகையின் வேலையை எழுத்தாளர் பிடுங்கிக்கொண்டார் என்று அர்த்தம். “அடுத்த பஸ்ஸில் போகலாம் என்றுதான் நினைத்தேன், பதினொரு வருஷமாக அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்” என்றால், படத்தில் இல்லாத ஒரு காலம் அதற்குள் வந்துவிடுகிறது. “என் தம்பிக்குக் காய்ச்சல், அதனால் ஏறவில்லை என்று வீட்டில் சொன்னேன்” என்றாலோ, அவள் பொய் சொல்லக்கூடியவள் என்பதும் தெரிந்துவிடுகிறது. இனி அவள் குரல் சொல்லும் ஒவ்வொன்றையும் நாம் சற்றே சந்தேகத்தோடு கேட்கப் போகிறோம். படப்பிடிப்பில் இந்த நான்குக்கும் செலவு ஒன்றுதான்.

தமிழ்ப் படங்களில் பின்னணிக் குரல் என்ற யுக்தி மலிந்துபோனதற்குத் தொழில் முறையிலேயே ஒரு காரணம் இருக்கிறது. பெரும்பாலும் எல்லாக் குரலையும் படப்பிடிப்புக்குப் பிறகே டப்பிங் அறையில் பதிவு செய்யும் வழக்கம் நம்முடையது. ஆகையால், எடிட்டிங் மேஜையில் கதை புரியவில்லை என்று யாராவது முகம் சுளித்தால், கதாநாயகனை அரை நாள் கூப்பிட்டு நாலு வரி பேச வைத்து ஒட்டுப்போட்டுவிடலாம். ஹாலிவுட்டிலும் இந்த ஒட்டு வேலை உண்டு. 1982-இல் வெளியான ரிட்லி ஸ்காட்டின் ‘பிளேட் ரன்னர்’ படத்துக்கு, முன்னோட்டக் காட்சி பார்த்தவர்களுக்குக் கதை விளங்கவில்லை என்று கதாநாயகனின் குரல் சேர்க்கப்பட்டது. பத்து வருஷம் கழித்து டைரக்டரின் பதிப்பு என்று வந்ததில் அந்தக் குரலை எடுத்துவிட்டார்கள். ரசிகர்களில் பலர் அதன் பிறகே நிம்மதியடைந்தார்கள். கௌதம் மேனனின் படங்களிலோ குரல் ஒட்டாக வருவதில்லை, பாணியாகவே வருகிறது. ‘விண்ணைத்தாண்டி வருவாயா’வில் அது பொருத்தமாகவே இருக்கிறது; ஏனெனில், காதலித்துத் தோற்ற அந்த இளைஞன் சினிமா டைரக்டராகிறவன், தன் அநுபவத்தையே படமாக்குகிறவன், அவனுக்குச் சொல்ல வேண்டிய அவசியம் இருக்கிறது. மற்றப் படங்கள் சிலவற்றில் அதே சாயலில் கதாநாயகர்கள் தங்கள் மனத்தை இடைவிடாமல் விளக்கிக்கொண்டிருப்பது எனக்குக் கொஞ்சம் சலிப்புத்தான். ‘பொன்னியின் செல்வன்’ முதல் பாகத்தின் ஆரம்பத்தில் கமல்ஹாசனின் குரல் சோழ ராஜ்யத்தின் நிலைமையைச் சொல்லி நகர்ந்துவிடுகிறது. ஐந்து பாகங்கள் கொண்ட நாவலைப் படிக்காதவர்களுக்கு அது அவசியமே. ஆனால் கல்கி தம் வாசகர்களோடு உட்கார்ந்து பேசுவது போலச் சிரித்தும் சீண்டியும் கதையை நடத்திச் சென்றாரே, அந்தக் குரல் அதில் இல்லை; அதைக் கொண்டுவர முயன்றிருந்தால் மூன்று மணி நேரம் போதியிருக்குமா என்பதும் சந்தேகம்.

பின்னணிக் குரல் விஷயத்தில் தமிழில் மிகத் துணிந்த காரியம் என்று நான் மதிப்பது 2004-இல் வந்த ‘விருமாண்டி’யைத்தான். தூக்குத் தண்டனையைப் பற்றி ஆராய வந்த ஒரு பெண்மணியின் காமிராவுக்கு முன்னால், கொத்தாளத் தேவர் முதலில் தன் கதையைச் சொல்லுகிறான். பிறகு அதே சம்பவங்களை விருமாண்டி சொல்லுகிறான். முதலில் நாம் கண்ணால் கண்டதே பொய்யாகிப் போகிறது. காட்டினால் உண்மை, சொன்னால் பொய் என்ற வகுப்பறைச் சித்தாந்தம் அங்கே தலைகீழாகிவிட்டது. யார் சொல்ல, யாருக்காகக் காட்டப்பட்டது என்று கேட்காமல் எந்தக் காட்சியையும் நம்பலாகாது என்று ஆகிவிட்டது. வடாலாவில் சுட்ட அதிகாரியையும் சுடப்பட்டவனையும் ஒரே வண்டியில் உட்கார வைத்த படத்துக்கு இந்த வழி எவ்வளவு சுலபமாகத் திறந்திருந்தது! அதிகாரிக்கும் ஒரு பக்கம் உண்டு. அவர் பிழைத்திருந்து, பல வருஷங்கள் கழித்துத் தம் செய்கைக்கு நியாயம் சொல்ல வேண்டிய நிலையில் இருப்பவர். செத்தவன் சொன்னதாக அவர் சொல்லுவதைத்தான் உலகம் கேட்க முடியும்.

இனி, பின்னணிக் குரலே இல்லாமல் எடுத்த படம் ஒன்று இந்தப் பேட்டையைப் பற்றியே இருக்கிறது. தாராவி, வடாலா, அன்டாப் ஹில் பிரதேசங்களில் கள்ளச் சாராயத்தாலும் கடத்தலாலும் வளர்ந்து, மாட்டுங்கா ரயில் நிலையத்தருகே கணபதிப் பந்தல் போட்டு, ஏழைத் தமிழர்களால் வரதாபாய் என்று அழைக்கப்பட்ட வரதராஜ முதலியாரின் வாழ்க்கையைத் தழுவி மணிரத்னம் ‘நாயகன்’ எடுத்தார். முதலியார் உயிரோடிருக்கையிலேயே, 1987-இல் படம் வந்துவிட்டது. சில மாதங்களில் அவர் சென்னையில் காலமானார். ஒரு சிறுவன் கிழவனாகும் வரை நீளும் கதைக்கு, எந்த வருஷம், எந்த ஊர், யார் யாருக்கு உறவு என்று விளக்கும் குரல் இருந்திருந்தால் எழுத்தாளரின் பாதி வேலை குறைந்திருக்கும். மணிரத்னம் அதை நாடவில்லை. தோட்டா தரணி சென்னை வீனஸ் ஸ்டூடியோவில் எழுப்பிய தாராவியும், பி.சி. ஸ்ரீராம் அதன்மேல் விழவிட்ட வெளிச்சமும், கமல்ஹாசனின் நரையுமே காலத்தைச் சொல்லின. நல்லவரா, கெட்டவரா என்று பேரப் பிள்ளை கேட்கும்போது கிழவர் தமக்கே தெரியவில்லை என்கிறார். கதை முழுவதும் ஒரு குரல் அவரைப் பற்றித் தீர்ப்பு வழங்கிக்கொண்டே வந்திருந்தால் அந்தப் பதிலுக்கு என்ன மதிப்பு இருந்திருக்கும்?

ஆனாலும் இன்றைக்கு ஒரு தமிழ் இளைஞர் அதே கதையைக் குரல் வைத்துத்தான் சொல்லுவேன் என்று பிடிவாதம் பிடிப்பாரானால், அந்தப் பேரப் பிள்ளையின் குரலையே நான் சிபாரிசு செய்வேன். 1987-இல் குழந்தையாயிருந்தவனுக்கு இப்போது நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். அவன் தாயின் தகப்பனார் கள்ளக்கடத்தல்காரர். அவனைப் பெற்றவரோ போலீஸ் அதிகாரி. தாத்தாவை அவன் அறிந்ததெல்லாம் அந்த ஒரு சந்திப்பில்தான். மற்றதெல்லாம் தாய் சொன்னதும், தகப்பனார் சொல்ல மறுத்ததும், தாராவியில் ஜனங்கள் பெருக்கிச் சொன்னதும். அவன் அதை யாரிடம் சொல்லுகிறான் என்பதைப் படப்பிடிப்பு தொடங்குமுன் எழுதுகிறவர் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். ஓய்வு பெற்று வீட்டிலிருக்கும் தகப்பனாரிடம் சொல்லுகிறான் என்றால் அது ஒரு படம், தாத்தாவின் சாவுக்குக் கூடிய கூட்டத்தில் அழுத ஒரு தாராவிக் கிழவியிடம் சொல்லுகிறான் என்றால் அது முற்றிலும் வேறு படம்.